கடலைச் சட்டியில் ஐந்து ஓட்டு

"அப்பா, கை தூக்காதவங்க எல்லாம் யாரு பக்கம்ப்பா?"

சந்தியா இதைக் கேட்டு ஒரு வருடத்துக்கு மேல் ஆகிறது. தூத்துக்குடியில் அவள் மூன்றாம் வகுப்புப் படித்தபோது வகுப்புத் தலைவர் தேர்தல் நடந்ததாம். டீச்சர் ஒவ்வொரு பெயராகச் சொல்ல, பிள்ளைகள் கை தூக்கினார்கள். நாலைந்து பிள்ளைகள் மட்டும் எந்தப் பெயருக்கும் தூக்கவில்லை. அன்று மாலை வீடியோ காலில் வந்ததும் வராததுமாக அவள் கேட்டது இதைத்தான். "அவங்க தூங்கிட்டு இருந்திருப்பாங்க பிள்ளே" என்று சிரித்துச் சமாளித்துவிட்டான் அருள்ராஜ். அந்தப் பதில் பிள்ளைக்குப் போதவில்லை. தனக்கும் போதவில்லை என்பது இந்த ஜனவரியில்தான் அவனுக்குத் தெரிந்தது.

துபாய் சத்வாவில் தையல்கடைகள் வரிசையாக இருக்கும் ஒரு தெருவுக்குப் பின்னால், பழைய கட்டடமொன்றின் மூன்றாம் மாடியில், ஐந்து பேர் சேர்ந்து எடுத்த ரூமில் அவன் இருந்தான். ஜெபல் அலியில் ஒரு கிடங்கில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுகிற வேலை. ரூமில் இரண்டு அடுக்குக் கட்டில்கள், ஒரு தனிக் கட்டில், ஒரு பிரிட்ஜ், ஜன்னலில் முனகிக்கொண்டே இருக்கும் ஏசி. பிரிட்ஜ் கதவில் ஒரு தாள் ஒட்டியிருந்தது. நீல மையில், குண்டு குண்டான எழுத்தில்:

"இந்த ரூமில் குடி மாஃபி. பாட்டில் கொண்டுவரக் கூடாது. வெளியே குடித்துவிட்டு வருகிறவர் சத்தம் போடாமல் படுக்கவும்."

'மாஃபி' என்பது 'கிடையாது' என்பதற்கு அங்கே புழங்கும் அரபிச் சொல். எழுதியவர் கௌஸ் முகம்மது. ஒரு துணிக்கடையில் சேல்ஸ்மேன். ரூம் அவர் பெயரில் இருந்தது, மெஸ்ஸுக்கும் அவர்தான் பொறுப்பு. காயல்பட்டினத்துக்காரர் என்பதால் எல்லாரும் அவரை 'காக்கா' என்றே கூப்பிட்டார்கள்; அவர் ஊரில் அண்ணனை அப்படித்தான் கூப்பிடுவார்கள். ஐந்து வேளையும் தொழுகிறவர். அதனால்தான் இந்தச் சட்டம் என்று ரூமில் எல்லாருக்கும் நினைப்பு. கோவில்பட்டி ராமையா அவரைக் கேலியாக 'கவர்மெண்ட்' என்பான். "கவர்மெண்ட் இன்னும் சாப்பிடலையா?" என்பான். கௌஸ் முகம்மது அந்த நினைப்பை ஒரு நாளும் மறுத்ததில்லை.

உண்மை அவருக்கும் அருள்ராஜுக்கும் மட்டுமே தெரியும்.

இரண்டு வருடங்களுக்கு முன் அருள்ராஜ் ஷார்ஜா தொழில்பேட்டையில் ஒரு கேரேஜில் இருந்தான். ஷார்ஜாவில் மதுவுக்குத் தடை. தடை உள்ள ஊரில் கைக்குக் கிடைப்பது என்ன சரக்கு என்று கேட்காமலே குடித்தான். ஊரை விட்டுக் கிளம்பும்போது பிள்ளையின் தலையில் கைவைத்து, இனித் தொடுவதில்லை என்று மனைவி ஜெனிட்டாவுக்குச் சத்தியம் செய்து கொடுத்தவன் அவன். வேலை போயிற்று. வேறு வேலை தேடி துபாய்க்கு வந்தவன், ஜூலை மாதத்து ஒரு வெள்ளிக்கிழமை நண்பகலில், சத்வா பஸ் நிலையத்தின் பின்புறம் சுடுகிற தரையில் விழுந்து கிடந்தான். ஜும்ஆ தொழுகை முடிந்து அந்த வழியாக வந்த கௌஸ் முகம்மது நின்றார். தம் குடையை விரித்து அவன் முகத்துக்கு நேரே பிடித்தார். அவன் எழுந்து நிற்க ஒரு மணி நேரம் ஆயிற்று. அந்த ஒரு மணி நேரமும் அவர் வெயிலில் நின்றார், குடை அவன் மேல் இருந்தது. யாராவது எட்டிப் பார்த்தால், "கர்மி, பாய், கர்மி" என்று வெயிலின் மேல் பழியைப் போட்டார். ரூமுக்கு அழைத்து வந்தபோதும், "நம்ம பக்கத்து ஊரு. வெயில் அடிச்சிட்டுது" என்றுதான் சொன்னார்.

அடுத்த வாரம் அந்தத் தாள் பிரிட்ஜில் ஏறியது. அன்றிலிருந்து அருள்ராஜ் குடிக்கவில்லை. ஆனால் குடியை நினைக்காத நாளும் இல்லை. வெளியே இருக்கிற பாட்டிலை அவனால் கடந்துவிட முடியும். படுக்கிற இடத்திலிருந்து கையெட்டும் தூரத்தில் ஒரு பாட்டில் குளிர்ந்துகொண்டிருந்தால் முடியாது. அது அவனுக்குத் தெரியும். அந்தத் தாள் கிழிந்தால் தான் விழுவோம், இந்த முறை எழ மாட்டோம் என்றும் தெரியும்.

*

"கவர்மெண்ட் சார், ஒரு மனு" என்று ஆரம்பித்தான் ராமையா.

கட்டிலில் உட்கார்ந்து முழங்காலில் பிளாஸ்டர் ஒட்டிக்கொண்டிருந்தான். ஏசி மெக்கானிக். சனிக்கிழமை மாலை மட்டும், பெரிய சாலைக்கு அந்தப் பக்கம் உள்ள ஒரு ஹோட்டல் பாரில் போய்க் குடிப்பான். போன வாரம் திரும்பும்போது ஒரு டெலிவரி பைக் தட்டிவிட்டது.

"சொல்லு" என்றார் கௌஸ் முகம்மது.

"நான் குடிக்கது வாரத்துக்கு ஒருநாள். கையில லைசென்ஸ் இருக்கு. இப்ப அதுக்குக் காசுகூட வாங்கல, ஓசி. நாடே குடுக்கு, நீங்கதான் குடுக்க மாட்டேங்கிய. வெளிய குடிச்சா எனக்கு ரெண்டு கண்டம், ஒண்ணு ரோடு, ஒண்ணு போலீஸ். இந்தக் கட்டில்ல உக்காந்து குடிச்சா நான் கடக்க வேண்டிய ரோடு எவ்வளவு? தலகாணிக்கு ஒரு சாண்!"

எல்லாரும் சிரித்துவிட்டார்கள். யாழ்ப்பாணத்துச் சுஜந்தன் போனிலிருந்து தலையைத் தூக்கினான். ஒரு கார்கோ கம்பெனியில் கிளார்க். எதையாவது வாசித்துக்கொண்டே இருப்பவன்.

"காக்கா, ராமையா அண்ணை சொல்றதில நியாயம் இருக்கு. அமெரிக்காவிலயும் முந்தி மதுவிலக்கு இருந்தது, தெரியுமோ? பதின்மூண்டு வருசம். பிறகு மாநிலம் மாநிலமா சனத்திட்ட வோட்டுக் கேட்டுத்தான் எடுத்தவங்கள். இந்தா, இதில கிடக்கு."

"அப்ப நம்மளும் ஒரு மாநிலம்தாம்லே!" ராமையா துள்ளினான். "ஜனத்தொகை அஞ்சு. தலைநகரம் பிரிட்ஜ்!"

கௌஸ் முகம்மது பிரிட்ஜ் கதவில் இருந்த தாளைப் பார்த்தார். பிறகு, "இந்தச் சட்டத்தைப் போடும்போது நான் யார்கிட்டயும் கேக்கல. அது என் பெசகுதான். வாடகை எல்லாரும் குடுக்குறோம். ஓட்டு வெப்போம். அஞ்சு பேர்ல மூணு பேர் வேணாம்னா நானே கிழிச்சிடுறேன்" என்றார்.

சொல்லும்போது அவர் அருள்ராஜின் பக்கம் திரும்பவே இல்லை. பார்க்காமல் இருப்பதற்கும் அன்பு வேண்டியிருக்கிறது.

"பின்னே என்ன, கையைத் தூக்குங்கலே!" என்று ராமையா தன் கையைத் தூக்கினான். சுஜந்தனும் தூக்கினான். ஐந்தாமவனான யோகநாதன் செக்யூரிட்டி வேலைக்குப் போயிருந்தான்.

"ஏலே அருளு, நீ எந்தக் கட்சி?"

அருள்ராஜின் கைகள் மடியில் கிடந்தன. தூக்கினால் தாள் கிழியும். தூக்காவிட்டால், ஏன் என்று கேட்பார்கள். உண்மையைச் சொல்லிவிடலாம்தான். ஆனால் ராமையாவின் மனைவியும் ஜெனிட்டாவும் போனில் தோழிகளாகிவிட்டவர்கள். ரூமில் காலையில் பேசியது மத்தியானத்துக்குள் தூத்துக்குடியில் கேட்கும். ஷார்ஜாவில் சத்தியம் உடைந்த கதை ஜெனிட்டாவுக்கு இன்றுவரை தெரியாது. மகள் எப்போதோ கேட்ட கேள்வி அப்போதுதான் அவன் காதில் திரும்ப விழுந்தது.

"யோசிக்கணும்" என்றான்.

"யோசிக்கதுக்கு இதுல என்னலே இருக்கு? ஒரு நா ராத்திரிகூட நீ குடிச்சுப் பாத்ததில்ல, உனக்கு இதோட அருமை தெரியாது!"

"விடு ராமையா" என்றார் கௌஸ் முகம்மது. "கை தூக்குற ஓட்டு வேணாம். ஒருத்தன் மூஞ்சிய இன்னொருத்தன் பாத்துட்டுப் போடுற ஓட்டு ஓட்டே இல்ல. ரகசியமா வெப்போம். சனிக்கிழமை மத்தியானத்துலேர்ந்து ஞாயித்துக்கிழமை மத்தியானம் வரைக்கும். டூட்டி முடிஞ்சி வாறப்ப வாறப்பப் போட்டுக்கலாம்."

*

அந்தச் சனிக்கிழமை அதிகாலை சத்வா முழுக்கப் பனிமூட்டம். எதிர்க்கட்டடம் காணாமல் போயிருந்தது. தெருவிளக்குகள் ஒவ்வொன்றும் பஞ்சுக்குள் பொதிந்து வைத்த மஞ்சள் பழம் போலத் தெரிந்தன. ஐந்தேகாலுக்கு வர வேண்டிய கம்பெனி பஸ் வருவது கண்ணுக்குத் தெரியாமல் காதுக்கு மட்டும் தெரிந்து, திடீரென்று முகத்துக்கு நேரே வந்து நின்றது. அருள்ராஜ் ஏறி ஜன்னலோரம் உட்கார்ந்தான். வெளியே நகரம் இல்லை. வெள்ளை மட்டும் இருந்தது. பஸ் ஓடுகிறதா, நின்றுகொண்டிருக்கிறதா என்றே சொல்ல முடியவில்லை.

கண் எப்போது சொருகியதோ. அவன் ஒரு நீண்ட வரிசையில் நின்றுகொண்டிருந்தான். பனி கொட்டுகிற ஊர். முன்னாலும் பின்னாலும் கனத்த கோட்டுப் போட்ட ஆண்கள், தலையில் துணி கட்டிய பெண்கள், தோளில் குழந்தைகள். எந்த நாடோ, எந்த மாநிலமோ. அவன் மட்டும் பச்சை சேஃப்டி ஜாக்கெட்டோடு நின்றான். எல்லாரும் வலது கையை மூடி வைத்திருந்தார்கள். யாரும் யாரோடும் பேசவில்லை. வரிசை மெல்ல நகர்ந்தது. நகரும்போது கடலோரத்து மணலில் கால் புதைகிற சத்தம் கேட்டது. வரிசையின் முடிவில் ஒரு மேசை. மேசைக்குப் பின்னால், சிறு கிண்ணத்தில் மையை வைத்துக்கொண்டு, பள்ளிச் சீருடையில் சந்தியா உட்கார்ந்திருந்தாள். அவனை அவளுக்கு அடையாளம் தெரியவில்லை.

"கையைத் தூக்குங்க" என்றாள், எல்லாரிடமும் சொல்வது போலவே.

அவன் தூக்கப் பார்த்தான். சரக்கு ஏற்றிய பலகையைப் போல அந்தக் கை கனத்தது. வரிசையில் நின்ற அத்தனை பேரும் பொறுமையாகக் காத்திருந்தார்கள். "ஊத்தாதீங்க, எனக்கு ஊத்தாதீங்க" என்று அவன் யாரிடமோ கெஞ்சினான். யாரும் எதையும் ஊற்றவில்லை. பனிதான் விழுந்துகொண்டிருந்தது.

"யல்லா பாய், உத்ரோ! ஜெபல் அலி!"

டிரைவர் கதவைத் தட்டிக்கொண்டிருந்தார். பக்கத்து சீட்டு நேபாளிப் பையன் அவனை ஒரு மாதிரியாகப் பார்த்துவிட்டு இறங்கிப் போனான்.

*

ஓட்டுக்குக் கௌஸ் முகம்மது செய்த ஏற்பாடு எளிமையானது. ஆளுக்கு ஒரு கொண்டைக்கடலை, ஒரு பேரீச்சங்கொட்டை. சட்டம் இருக்கட்டும் என்றால் கடலை, போகட்டும் என்றால் கொட்டை. மெஸ்ஸின் பெரிய அலுமினியச் சட்டி அடுப்படி மேடையில் மூடி வைத்திருந்தது. ஒவ்வொருவராகப் போய், மூடியை விரலிடுக்கு அளவுக்கு நகர்த்தி, ஒன்றை உள்ளே போட வேண்டும். மற்றதைக் கண்காணாமல் தொலைத்துவிட வேண்டும். உள்ளே எட்டிப் பார்க்கக் கூடாது. பூட்டும் இல்லை, காவலும் இல்லை. காக்கா கூடாது என்று சொல்லியிருந்தார், அது போதும்.

அரை நாள் டூட்டி முடிந்து அருள்ராஜ் வந்தபோது மூன்று மணி. அவனும் யோகநாதனும்தான் பாக்கி. யோகநாதன் விடிந்துதான் வருவான்.

அடுப்படிக்குள் போய்க் கதவைச் சாத்தினான். பால்கண்ணாடி ஜன்னல் வழியாக வெளிச்சம் பால் போலவே விழுந்தது. இடது கையில் கடலை, வலது கையில் கொட்டை. எதைப் போடுவது என்பதில் அவனுக்குச் சந்தேகம் இல்லை. படியேறும்போதே முடிவு செய்திருந்தான். மூடியை நகர்த்தினான்.

ஆசை எப்போதும் ஆர்ப்பாட்டமாக வருவதில்லை. சில சமயம் களைத்துப் போன நண்பனைப் போல வந்து பக்கத்தில் உட்கார்ந்துகொள்கிறது. 'இரண்டு வருடம் இருந்துவிட்டாயே, இன்னும் என்ன பயம்? நீ குடிக்க வேண்டாம். ராமையா ரோட்டைக் கடக்க வேண்டாமே, அதற்காகப் போடு' என்றது. அது நியாயமாகவும் இருந்தது. அதுதான் ஆபத்து.

சட்டிக்குள் 'டிங்' என்று ஒரு சத்தம்.

அவன் கையைப் பார்த்தான். கடலை இடது கையிலேயே இருந்தது.

மூடியைத் திறந்து எடுத்துவிட்டால் ஒரு நொடி வேலை. ஆனால் மற்றவர்கள் நம்பி மூடி வைத்த சட்டி அது. அதற்குள் கைவிட்டால், குடித்ததைவிடக் கேவலமான ஒன்றைச் செய்தது போலாகும் என்று தோன்றியது. மூடியைச் சரியாகப் பொருத்தினான். "ஆண்டவரே, போட்டது போட்டதுதான். நீரே எண்ணிக்கொள்ளும்" என்று முணுமுணுத்துவிட்டு வெளியே வந்தான்.

மனத்துக்குள் எண்ணிப் பார்க்கச் சிரமமே இல்லை. ராமையா ஒரு கொட்டை, சுஜந்தன் ஒரு கொட்டை, தான் ஒரு கொட்டை. மூன்று. நாளை மத்தியானம் தாள் கிழிந்துவிடும்.

*

ஞாயிற்றுக்கிழமை பன்னிரண்டு மணிக்கு யோகநாதனைத் தவிர எல்லாரும் அடுப்படியில் கூடினார்கள். ராமையா குளித்து, பவுடர் போட்டு, பதவியேற்புக்கு வந்தவன் போல நின்றான். கௌஸ் முகம்மது பிஸ்மில்லா சொல்லி மூடியைத் திறந்தார்.

சட்டி முக்கால்வாசி நிறைந்திருந்தது. தண்ணீருக்குள் ஒரு கிலோ கொண்டைக்கடலை உப்பி ஊறிக்கொண்டிருந்தது.

ராமையா சட்டிக்குள் எட்டிப் பார்த்தான்.

"கள்ள ஓட்டு!" என்று அலறினான் ராமையா. "ஊரு உலகத்துல இல்லாத கள்ள ஓட்டு! அஞ்சு பேருக்கு ஆயிரம் ஓட்டு!"

சத்தம் கேட்டு, தூக்கத்திலிருந்து எழுந்து வந்தான் யோகநாதன். ஹட்டன் பக்கத்து மலைநாட்டுக்காரன். ஒரு கட்டடத்தின் வாசலில் பன்னிரண்டு மணி நேரம் நின்றுவிட்டு வந்த கண்கள் இன்னும் திறக்கவில்லை.

"என்னண்ணே? ஞாயித்துக்கிழமை என்னோட சமையல் முறைதானே? பூரியும் கடலையும்தானே எப்பவும்? வந்ததும் சுடுதண்ணி ஊத்தி ஊறப் போட்டுட்டுத்தான் படுத்தேன்."

"சட்டிக்குள்ள என்ன கிடக்குன்னு பாக்கலையா?"

"கடலை ஊறப் போடுற சட்டில கடலைதானேங்க கெடக்கும்? அதுல என்னத்தப் பாக்குறது?"

"எலக்ஷன் சட்டிடா அது! வாய்ஸ் மெசேஜ் போட்டேனே!" என்றார் காக்கா.

"கேட்டேன் காக்கா. லாரி சத்தத்துல 'சட்டி'ங்கிறது விளங்கிச்சி. எந்தச் சட்டின்னு விளங்கல."

சுஜந்தன் சிரித்துச் சிரித்து இருமினான். கடைசியில் அவன்தான் வழி சொன்னான். "பொறுங்கோ, பொறுங்கோ. கடலைதானே பெருகினது? கொட்டை பெருகேல்லத்தானே. கொட்டையை எண்ணினாச் சரி. மூண்டு கிடந்தாச் சட்டம் போச்சு."

கௌஸ் முகம்மது சட்டையின் கையை மடக்கிவிட்டுக்கொண்டு கரண்டியால் அலசினார். ஒரு கொட்டை வந்தது. மேடையில் வைத்தார். இன்னொன்று வந்தது. அருள்ராஜ் சுவரைப் பிடித்துக்கொண்டு மூன்றாவதுக்காகக் காத்திருந்தான். அவர் அடிவரை துழாவினார். சல்லடையில் கொட்டிப் பார்த்தார். பிறகு சுஜந்தன் பார்த்தான்.

இரண்டே கொட்டைகள்.

"யோகுவோட ஓட்டு இன்னும் பாக்கி" என்றார் காக்கா. "உன் பங்கை டிஷ்யூல சுத்தித் தலகாணிக்கிட்ட வெச்சேனே?"

"அதுவா? குப்பைன்னு நெனச்சிக் கூட்டித் தள்ளிட்டேனே காக்கா."

ராமையா தலையில் கைவைத்தான். எல்லாரும் யோகநாதனைப் பார்த்தார்கள். அவன் வாயால் சொல்லப்போகும் ஒரு சொல்லில் எல்லாம் நின்றது. அவன் சட்டியைப் பார்த்தான், பிரிட்ஜில் இருந்த தாளைப் பார்த்தான், நிமிர்ந்துகூடப் பார்க்காமல் சுவரோரம் நின்ற அருள்ராஜையும் ஒரு நிமிடம் பார்த்தான்.

"நான்தான் ஒரு கிலோ கடலை போட்டிருக்கேனேங்க. அதுல ஒண்ணை எனக்கு எழுதிக்கங்க" என்றான்.

அவ்வளவுதான். அடுப்படியே சிரிப்பில் குலுங்கியது. தாள் பிழைத்தது.

"ஜனநாயகம் கடலை தின்னு செத்துப்போச்சு!" என்று எல்லாரையும்விடச் சத்தமாகப் புலம்பினான் ராமையா. அருள்ராஜின் முதுகில் ஓங்கி ஒன்று வைத்தான். "நீதானலே கவுத்த! ரெண்டு கொட்டை என்னுதும் சுஜந்தனுதும். உன்ன நம்பினேன் பாரு!"

"ஓம் அண்ணை, நீங்கள் எங்களுக்குத் துரோகம் செய்துபோட்டியள்" என்று சுஜந்தனும் சிரித்தான்.

அருள்ராஜ் பதிலுக்குச் சிரிக்க முயன்றான். அந்த இரண்டில் ஒன்று தன்னுடையது என்பது அவனுக்கு மட்டுமே தெரியும். அப்படியென்றால், சட்டம் வேண்டாம் என்று கத்திய இருவரில் ஒருவர் கடலையைப் போட்டிருக்கிறார்.

*

ஞாயிற்றுக்கிழமை வாஷிங் மெஷின் முறை அருள்ராஜுடையது. ஐந்து பேர் துணியையும் போடுமுன் பைகளைத் துழாவுவது வழக்கம். ஒரு டிஷ்யூ மாட்டிக்கொண்டால் எல்லாத் துணியிலும் வெள்ளை அப்பிவிடும். ராமையாவின் யூனிபார்ம் சட்டைப் பையில் ஸ்க்ரூ ஒன்று, ரசீது ஒன்று, காய்ந்து போன பேரீச்சங்கொட்டை ஒன்று.

அருள்ராஜ் அதை உள்ளங்கையில் வைத்துக்கொண்டு வெகுநேரம் நின்றான். முழங்காலில் பிளாஸ்டரோடு, தன் சௌகரியத்துக்காக மனு போட்டவன் ராமையா. ஓட்டு வேண்டும் என்று குதித்தவன் அவன். அவனா?

கௌஸ் முகம்மது பால்கனியில் கொடிக்கயிற்றை இறுக்கிக்கொண்டிருந்தார். அருள்ராஜ் பக்கத்தில் போய் நின்றான்.

"காக்கா, நான் கொட்டையத்தான் போட்டேன்."

"ஓட்டு ரகசியம். என் காதுல விழல."

"ரெண்டு வருசமா என் பாரத்தை உங்க தலையில சுமக்க விட்டுட்டேன். கவர்மெண்டுன்னு கேலி வேற."

"என் தல பெருசு. தொப்பி சைஸ் கேட்டா கடைக்காரனே பயப்படுவான்." அவர் சிரித்தார். பிறகு கயிற்றைப் பார்த்தபடியே, "கொட்டை நீ போட்டியா? அப்பக் கணக்கு இடிக்குதே" என்றார்.

அருள்ராஜ் உள்ளங்கையைக் காட்டினான். யார் பையிலிருந்து எடுத்தது என்று மட்டும் சொன்னான். கௌஸ் முகம்மது அதைப் பார்த்தார். கண்ணை மூடி, ஏதோ மெதுவாக ஓதினார்.

"நீ தூக்கத்துல பேசுவே. உனக்குத் தெரியாது. வாரத்துல நாலு நாள் பேசுவே. 'ஊத்தாதீங்க'ம்பே. பிள்ள பேரைச் சொல்லுவே. தனிக் கட்டில்ல கிடக்குற எனக்கே கேக்குது. உனக்கு மேல் கட்டில்ல படுக்குறவன் யாரு?"

அருள்ராஜ் உள்ளங்கையிலிருந்த கொட்டையை மறுபடி பார்த்தான். ராமையாதான். இரண்டு வருடமாக ராமையாதான் மேல் கட்டில். எல்லாம் கேட்டிருக்கிறான். மனைவியிடம்கூட ஒரு வார்த்தை விடவில்லை. 'உனக்கு இதோட அருமை தெரியாது' என்று எல்லார் முன்னாலும் கத்தியதுகூட, மற்றவர்கள் யாரும் சந்தேகப்படாமல் இருக்கத்தானோ என்னவோ.

"அவன்கிட்ட ஏதாச்சும் சொல்லணுமா காக்கா?"

"சொன்னா, அவன் மறைச்சது வீணாப் போயிடாதா?" என்றார் அவர். "அதை எடுத்த பையிலயே வெச்சிடு. துவைச்சாலும் கொட்டைக்கு ஒண்ணும் ஆகாது."

*

அடுத்த சனிக்கிழமை அருள்ராஜ் மூன்று மணிக்கு ரூமுக்கு வந்து, குளித்து, பர்சை அலமாரியிலேயே வைத்துவிட்டு, தேநீருக்கு மட்டும் ஒரு திர்ஹத்தைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு கிளம்பினான். "சர்ச்சுக்கா அண்ணை?" என்று சுஜந்தன் கேட்டான். "ம்" என்றான். அது முழுப்பொய்யாக அவனுக்குத் தோன்றவில்லை.

பெரிய சாலையைக் கடந்து, அந்த ஹோட்டலுக்கு எதிரே இருந்த சிறிய டீக்கடையின் வாசலில் நின்றான். ஹோட்டல் கதவு திறக்கும் போதெல்லாம் உள்ளிருந்து ஒரு குளிர்ந்த வாசனை தெருவுக்கு இந்தப் பக்கம்வரை வந்து அவனைத் தேடியது. அவன் டீ கிளாஸை இரண்டு கைகளாலும் பிடித்துக்கொண்டான். டீ ஆறியது. மனத்துக்குள் அருள் நிறைந்த மரியே சொன்னான். எத்தனை முறை என்று எண்ணவில்லை. மாலை மெல்ல மஞ்சளாகி, கடல் பக்கத்திலிருந்து பனி மறுபடியும் தெருவுக்குள் நடந்து வந்தது. கட்டடங்களின் கால்கள் முதலில் மறைந்தன. அந்தித் தொழுகைக்கான மஃரிப் பாங்கு எங்கிருந்து கேட்கிறது என்றே தெரியாமல், எல்லாத் திசையிலிருந்தும் மிதந்து வந்தது.

ராமையா வெளியே வந்தான். நேராக நடப்பதில் மிகுந்த கவனம் எடுத்துக்கொண்டு நடந்தான். அருள்ராஜ் கிளாஸை வைத்துவிட்டு, பத்தடி பின்னால் பனிக்குள் நடந்தான்.

சிக்னலில் சிவப்பு எரிந்தது. ராமையா நிற்கவில்லை. ஒரு காலைச் சாலையில் வைத்துவிட்டான். இடப்பக்கம் பனிக்குள் இரண்டு வெளிச்சங்கள் வேகமாகப் பெரிதாகிக்கொண்டிருந்தன.

"பாய், ருக்கோ! சிக்னல் ஹை!" யாரோ ஒரு வழிப்போக்கன் நிற்கச் சொல்வது போல, அருள்ராஜ் குரலைத் தடிமனாக்கி இந்தியில் கத்தினான்.

ராமையா சட்டென்று காலைப் பின்னுக்கு எடுத்தான். ஒரு வேன் உறுமிக்கொண்டு கடந்துபோனது.

"அச்சா பாய், அச்சா. சுக்ரியா" என்றான் ராமையா, திரும்பிப் பார்க்காமல், பனியைப் பார்த்து.

பச்சை விழுந்தது. முன்னால் ஒருவன், பின்னால் ஒருவன். சாலை கடந்தது. தையல்கடைகளின் வெளிச்சம் கடந்தது. கட்டடத்தின் வாசலில் ராமையா மூன்று முறை தவறான பொத்தானை அழுத்தி, கடைசியில் லிஃப்டைக் கண்டுபிடித்தான். கதவு மூடி, மேலே மூன்றாம் எண் எரிந்து அணையும்வரை அருள்ராஜ் எதிர்த் தூணின் மறைவில் நின்றான்.

பிறகு கட்டடத்தை மெதுவாக ஒரு சுற்று நடந்தான். உடனே மேலே போனால், இருவரும் சேர்ந்து வந்தது போல ஆகிவிடும்.